பச்சை விளக்கை எரியச் சொன்னது யார்?

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் பேட்டரி சார்ஜர் இருக்கிறதா? விளையாட்டுக் கார், டார்ச், கேமரா இவற்றில் போடும் பென்சில் பேட்டரிகளை வரிசையாக வைத்து, சுவர் பிளக்கில் செருகுவோமே, அதுதான். செருகியதும் சிவப்பு விளக்கு எரியும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சார்ஜ் முழுதாக ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது! குடத்தில் தண்ணீர் பிடித்தால் அது நிறைவது கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் வழிந்து காலை நனைக்கும். பேட்டரியோ நன்றாக மூடிய ஓர் இரும்புக் குப்பி. அதற்கு ஜன்னல் கிடையாது. குலுக்கிப் பார்த்தாலும், தராசில் வைத்துப் பார்த்தாலும் காலிப் பேட்டரிக்கும் நிறைந்த பேட்டரிக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படியிருக்க, "நிறைந்துவிட்டது, போதும்" என்று சார்ஜரிடம் யார் சொன்னார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டது என் பேத்தி. ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

"அது ஒண்ணுமில்லை கண்ணு. உள்ளே ஒரு கடிகாரம் இருக்கும். இத்தனை மணி நேரம் ஆச்சுன்னா நிறுத்திடும்" என்று சொல்லிவிட்டு நான் பேப்பர் படிக்கப் போய்விட்டேன்.

அவள் விடவில்லை. ஏற்கெனவே பச்சை விளக்கு எரிந்து முடிந்த பேட்டரிகளை எடுத்து, காரில் போட்டுப் பத்தே நிமிடம் ஓட்டினாள். மறுபடி சார்ஜரில் வைத்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பச்சை விளக்கு வந்துவிட்டது!

"தாத்தா, கடிகாரம்னா இதுக்கும் ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கணுமே?"

முப்பது வருடங்களுக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். என் பதில் தவறு என்று ஒரு சின்னப் பெண் சோதனை செய்தே காட்டிவிட்டாள். அப்புறம் பேப்பர் படிக்க மனம் வருமா? பழைய புத்தகங்களைப் புரட்டி, தெரிந்தவர்களைக் கேட்டு, நான் கற்றுக்கொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். சின்னக் குழந்தைக்கு அம்மா பாலாடையில் பால் புகட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். "வயிறு நிறைந்துவிட்டது" என்று குழந்தை வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உதட்டோரம் பால் வழியும். அம்மாவுக்குப் புரிந்துவிடும். சார்ஜரும் இந்த அம்மா மாதிரிதான். பேட்டரியின் உள்ளே அது எட்டிப் பார்ப்பதில்லை. வெளியே தெரியும் சின்னச் சின்ன அடையாளங்களைக் கவனிக்கிறது.

என்னென்ன அடையாளங்கள்? அதற்குப் பேட்டரியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவேண்டும்.

கடைகளில் கிடைக்கும் சார்ஜ் செய்யக்கூடிய பென்சில் பேட்டரிகளில் பெரும்பாலானவை 'நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு' வகை. பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்படவேண்டாம். நேர்மின்முனையில் நிக்கல் சேர்மம். எதிர்மின்முனையில் ஹைட்ரஜனைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஓர் உலோகக் கலவை. அவ்வளவுதான். சார்ஜ் செய்யும்போது நாம் கொடுக்கும் மின்சாரம் இந்த இரண்டிலும் வேதிமாற்றத்தை உண்டாக்குகிறது. மின்சாரம் வேதி ஆற்றலாகச் சேமிக்கப்படுகிறது. அந்த நேரத்தில் பேட்டரி அதிகம் சூடாவதில்லை. அதன் மின்னழுத்தம், அதாவது வோல்ட், மெதுவாக ஏறிக்கொண்டே போகும். பேட்டரியின் மேல் 1.2 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும், சார்ஜ் ஏறும்போது அது 1.4, 1.45 என்று உயர்ந்து 1.5 வோல்ட்டை நெருங்கும்.

சரி, நிக்கல் முழுவதும் மாறிவிட்டது. மாறுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் சார்ஜர் இன்னும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த மின்சாரம் எங்கே போகும்?

வேறு வழியில்லாமல் அது உள்ளே இருக்கும் திரவத்தில் வேலையைக் காட்டுகிறது. நேர்மின்முனையில் ஆக்சிஜன் வாயு உண்டாகிறது. அந்த ஆக்சிஜன் எதிர்ப்பக்கம் போய், அங்கே இருக்கும் ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி தண்ணீராகிறது. தண்ணீரிலிருந்து ஆக்சிஜன், ஆக்சிஜனிலிருந்து தண்ணீர்! எதையும் சேமிக்காத வீண் வேலை. கொடுத்த மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். அதுவரை சாதுவாக இருந்த பேட்டரி மளமளவென்று சூடேறத் தொடங்கும்.

இதுதான் முதல் அடையாளம்.

சூடு ஏறினால் இன்னொன்றும் நடக்கிறது. சூடான பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளக் கொஞ்சம் குறைந்த மின்னழுத்தமே போதும். ஆகவே, இத்தனை நேரம் ஏறிக்கொண்டே வந்த வோல்ட், உச்சியைத் தொட்டுவிட்டு லேசாகக் கீழே இறங்குகிறது. இது இரண்டாவது அடையாளம்.

எவ்வளவு இறங்கும் தெரியுமா? சுமார் 5 மில்லிவோல்ட். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மில்லிவோல்ட். நம் பேட்டரி கிட்டத்தட்ட 1.5 வோல்ட்டில், அதாவது 1,500 மில்லிவோல்ட்டில் இருக்கிறது. அதில் 5 குறைந்தால் முந்நூறில் ஒரு பங்கு. நீங்கள் 150 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உயரத்தில் அரை சென்டிமீட்டர் குறைந்தால் வகுப்பில் யாராவது கண்டுபிடிப்பார்களா? சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சின்ன சிப் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது! இதுவரை பார்த்த அதிகபட்ச வோல்ட்டை அது ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, மறுபடி மறுபடி அளந்து ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இறங்கியது தெரிந்ததும் மின்சாரத்தை நிறுத்தும். பச்சை விளக்கைப் போடும்.

இதில் ஒரு சிக்கல். பல நாள் பெட்டியில் சும்மா கிடந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தொடங்கினால், ஆரம்பத்திலேயே வோல்ட் ஒரு தடவை ஏறி இறங்கிப் போக்குக் காட்டும். அதை நம்பினால் காலிப் பேட்டரிக்குப் பச்சை விளக்கு எரிந்துவிடும். அதனால் நல்ல சார்ஜர்கள் முதல் சில நிமிடங்களில் வரும் இறக்கத்தைக் கண்டுகொள்வதில்லை. முதல் மணி அடித்ததுமே "வயிறு வலிக்குது சார்" என்று வருகிற பையனை, "போய் உட்காரு, அப்புறம் பார்க்கலாம்" என்று நாங்கள் சொல்வதில்லையா, அந்த மாதிரி!

மெதுவாகச் சார்ஜ் செய்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வகையில் அது சரி. ஆனால் ரொம்ப மெதுவாக மின்சாரம் போனால், சூடு உண்டாக உண்டாகக் காற்றில் கலந்துவிடும். பேட்டரி அதிகம் சூடாகாது. வோல்ட்டும் இறங்காது. இரண்டு அடையாளங்களுமே காணாமல் போய்விடும்! பெரிய தீயில் வைத்த பால் 'புஸ்' என்று பொங்கி எழும். அணைகிற மாதிரி சின்னத் தீயில் வைத்த பால் பொங்குவதே தெரியாது, ஆடைதான் கட்டும். அதே கதைதான். ஆகவே அடையாளம் பார்த்து நிறுத்தும் சார்ஜர்கள் கொஞ்சம் வேகமாகத்தான் மின்சாரத்தைத் தள்ளவேண்டும்.

அப்படியானால் மெதுவான சார்ஜர்கள் என்ன செய்யும்? மணிக்கணக்குதான். ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? பேட்டரியின் மேல் 2,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கிறது. சார்ஜர் தருவது 200 மில்லி ஆம்பியர். எத்தனை மணி நேரம் ஆகும்? 2,000-ஐ 200-ஆல் வகுத்தால் 10 மணி என்று சொல்வீர்கள். கணக்கு சரி, விடை தவறு! தள்ளும் மின்சாரம் முழுவதும் சேமிக்கப்படுவதில்லை. கொஞ்சம் வீணாகிறது. ஆகவே 14 முதல் 16 மணி நேரம் ஆகும். அதுவும் முழுக்கக் காலியான பேட்டரிக்குத்தான் இந்தக் கணக்கு. பாதி மிச்சம் இருக்கும் பேட்டரியை வைத்தால்? என் பேத்தி மடக்கியது இந்த இடத்தில்தானே!

கடிகாரமும் இல்லாமல், அடையாளமும் பார்க்காமல், செருகிய நேரத்திலிருந்து பிடுங்கும் நேரம் வரை மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும் மலிவான சார்ஜர்களும் உண்டு. சில வருடங்களுக்கு முன் நான் வாங்கியது அப்படி ஒன்றுதான். நான்கு பேட்டரிகளை அதில் போட்டுவிட்டு, மறந்துபோய் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் கிளம்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வந்து கதவைத் திறந்தால் அறையில் ஒரு கருகல் வாடை. பேட்டரிகளின் மேலுறை சுருங்கிப் போயிருந்தது. ஒன்றின் முனையில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாக எதுவோ படிந்திருந்தது. உள்ளே இருக்கும் காரத் திரவம் கசிந்து காய்ந்தது அது. வெறும் கையால் தொட்டால் தோலை அரிக்கும். நல்லவேளை, அந்த வகைப் பேட்டரியில் வாயு அளவுக்கு மீறிச் சேர்ந்தால் வெளியேறுவதற்கு ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்ததால் வெடிக்கவில்லை. பக்கத்தில் ஜன்னல் திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இதனால்தான் நல்ல சார்ஜர்கள் ஒரே அடையாளத்தை நம்பி இருப்பதில்லை. வோல்ட் இறங்குகிறதா என்று பார்ப்பது ஒரு காவல். பேட்டரியை ஒட்டி 'தெர்மிஸ்டர்' என்ற மிளகு அளவுப் பொருள் ஒன்றை வைத்திருப்பார்கள். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும். அதை அளந்து சிப் வெப்பநிலையைத் தெரிந்துகொள்ளும். வெப்பநிலை நிமிடத்துக்கு சுமார் 1 டிகிரி வேகத்தில் ஏறத் தொடங்கினால் "நிறைந்துவிட்டது" என்று முடிவு கட்டும். 'எத்தனை டிகிரி' என்று மட்டும் பார்க்காமல் 'எவ்வளவு வேகமாக ஏறுகிறது' என்று ஏன் பார்க்கவேண்டும்? நம் ஊர்க் கத்திரி வெயிலை நினைத்துப் பாருங்கள். அறையே 38 டிகிரியில் கொதிக்கும். மார்கழியில் 22 டிகிரி. இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் சரிவருமா? இந்த இரண்டும் தவறிப்போனால், மூன்றாவது காவல்தான் கடிகாரம். என்ன ஆனாலும் இத்தனை மணி நேரத்துக்கு மேல் கிடையாது என்று நிறுத்திவிடும். ஆக, நான் பேத்தியிடம் சொன்னது முழுப்பொய் இல்லை!

இன்னொரு விஷயமும் உண்டு. சில சார்ஜர்களில் இரண்டு இரண்டு பேட்டரியாகத்தான் வைக்கவேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் விளக்கே எரியாது. அவற்றில் இரண்டு பேட்டரிகளுக்கும் சேர்த்து ஒரே அளவைதான். ஒன்று நிறைந்தது, இன்னொன்று பாதி என்று கலந்து வைத்தீர்களானால், நிறைந்தது இறங்கும்போது பாதியானது ஏறிக்கொண்டிருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்கும் சார்ஜர் குழம்பிப்போகும். ஆகவே சேர்த்து உபயோகித்த ஜோடியைச் சேர்த்தே சார்ஜ் செய்யவேண்டும். நான் இப்போது ஜோடிகளுக்கு ஒரே நிறத்தில் நூல் கட்டி வைத்திருக்கிறேன்.

அடையாளம் மாறினால் அம்மாவும் ஏமாந்துபோவாள், இல்லையா? சார்ஜருக்கும் அப்படி நடந்திருக்கிறது. 1899-ல் சுவீடனைச் சேர்ந்த வால்டெமர் யுங்னர் என்பவர் நிக்கல் காட்மியம் பேட்டரியைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் அதே வகை பென்சில் பேட்டரி வடிவிலும் வெகுகாலம் விற்பனையில் இருந்தது. சார்ஜ் நிறைந்ததும் அதன் வோல்ட் 10 முதல் 20 மில்லிவோல்ட் வரை நன்றாகவே இறங்கும். 1990-ஐ ஒட்டி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கடைக்கு வந்தது. அதே உயரம், அதே பருமன், அதே 1.2 வோல்ட். ஆனால் இறக்கம் மட்டும் மிகச் சிறியது. பழைய வகைக்காகச் செய்த வேகமான சார்ஜரில் இதை வைத்தால், "இன்னும் இறங்கவில்லையே" என்று அது காத்துக்கொண்டே இருக்க வாய்ப்பு உண்டு. பேட்டரி சூடாகிக்கொண்டே போகும்.

செல்போனில் எப்படி?

செல்போனில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. இதன் குணமே வேறு. நிக்கல் பேட்டரி நிறைந்த பிறகு கொஞ்ச நேரம் மின்சாரம் போனால் சூடாகும், பொறுத்துக்கொள்ளும். லித்தியம் பொறுத்துக்கொள்ளாது. அளவு மீறினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், ஆக்சிஜன் வெளிப்படும், தீயே பிடிக்கலாம். ஆகவே நிறைந்த பிறகு வரும் அடையாளத்துக்காகக் காத்திருக்க முடியாது. எல்லைக்கு உள்ளேயே நிறுத்தியாகவேண்டும்.

அதற்கு ஒரு வழி. பேட்டரி 4.2 வோல்ட்டைத் தொடும் வரை சீரான மின்னோட்டம் கொடுப்பார்கள். (சில வகைகளில் இந்த எண் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்.) தொட்ட பிறகு அந்த 4.2-ஐத் தாண்டவே விடாமல் பிடித்துக்கொள்வார்கள். அப்போது உள்ளே போகும் மின்னோட்டம் தானாகவே குறைந்துகொண்டு வரும்.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும்போது திமுதிமுவென்று ஏறுவார்கள். இருக்கைகள் நிறைய நிறைய, இடம் தேடி ஒவ்வொருவராக நகரவேண்டியிருக்கும். கடைசியில் படியில் ஒருவர் ஏறவே நேரம் பிடிக்கும். கண்டக்டர் உள்ளே இருக்கும் தலைகளை எண்ணுவதில்லை. ஏறுகிற வேகம் குறைந்ததைப் பார்த்தே விசில் ஊதிவிடுவார். லித்தியம் பேட்டரியிலும் அப்படித்தான். மின்னோட்டம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே போனதும் விசில்! செல்போன் 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறி, கடைசி 20 சதவீதத்துக்கு இழுத்தடிப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

வேடிக்கை என்னவென்றால், சுவரில் செருகுவதைத்தான் நாம் சார்ஜர் என்கிறோம். உண்மையான சார்ஜர் செல்போனுக்கு உள்ளேதான் இருக்கிறது. கணக்குப் பார்ப்பதும் நிறுத்துவதும் அங்கே இருக்கும் சிப்தான். இந்த வகைப் பேட்டரியை முதலில் 1991-ல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதை உருவாக்கியதற்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குடினஃபுக்கு வயது 97! நோபல் பரிசு பெற்றவர்களிலேயே அதிக வயதில் பெற்றவர் அவர்தான். அறுபது தாண்டிய எனக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடிக்கும்.

கரண்ட் போனால் விசிறியைச் சுற்றவைக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி இன்னொரு ரகம். காரீயமும் அமிலமும் உள்ளது. இதுவும் வோல்ட்டை ஓர் அளவில் பிடித்துக்கொண்டு மின்னோட்டம் குறைவதைப் பார்க்கும் முறைதான். 12 வோல்ட் பேட்டரிக்கு சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, அப்புறம் 13.5 வோல்ட் அளவில் சும்மா தாங்கிப் பிடித்திருக்கும். முன்பெல்லாம் பேட்டரிக் கடைக்காரர் மூடியைத் திறந்து, அமிலத்தில் குமிழி கொப்பளிப்பதைப் பார்த்தே "ஏறிடுச்சு" என்பார். அவரே ஒரு சார்ஜர் சிப்!

ஒன்றை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பென்சில் பேட்டரியையும் சார்ஜ் செய்ய முடியாது. சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் வாங்கும் சாதாரண பேட்டரி, தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதைச் சார்ஜரில் வைத்தால் நாம் பார்த்த எந்த அடையாளத்தையும் அது ஒழுங்காகக் காட்டாது. கசியும், வெடிக்கவும் கூடும். எப்படிக் கண்டுபிடிப்பது? சாதாரண பேட்டரியில் 1.5 வோல்ட் என்று போட்டிருக்கும். நிக்கல் வகையில் 1.2 வோல்ட் என்றும் எத்தனை மில்லி ஆம்பியர் மணி என்றும் இருக்கும். சந்தேகமாக இருந்தால் வைக்காதீர்கள். பெரியவர்களிடம் காட்டுங்கள். வயிறு உப்பிய செல்போன் பேட்டரியை அழுத்திப் பார்ப்பதும், குத்திப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம்.

போன வாரம் பேத்தி மறுபடி வந்தாள். "சூடாகும்னு சொன்னீங்களே, காட்டுங்க" என்றாள். பிளக்கைச் செருகுவதற்கு முன்பே, என்னிடம் இருந்த பழைய வெப்பமானியின் குமிழைப் பேட்டரியோடு சேர்த்து ஒட்டுத்தாளால் ஒட்டிக் கொடுத்தேன். நானும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கை படக்கூடாது, கண்ணால் மட்டும் பார்க்கவேண்டும் என்பது ஒப்பந்தம். தொடங்கும்போது 30 டிகிரி. ஒரு மணி நேரம் கழித்து 34. அப்புறம் ரொம்ப நேரம் 35, 36 என்று ஆடாமல் அசையாமல் இருந்தது. அவளுக்குக் கொட்டாவியே வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் நெருங்கும்போது, "தாத்தா, ஏறுது!" என்று கத்தினாள். 37, 38, 39, 40... நிமிடத்துக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். 42 என்று சொல்லி வாய் மூடவில்லை, பச்சை விளக்கு எரிந்தது.

அன்று ராத்திரியே கட்டம் போட்ட தாளில் வரைபடம் போட்டுவிட்டாள். நீளமாகப் படுத்திருந்த கோடு, கடைசியில் சட்டென்று எழுந்து நிற்கிறது. அதன் உச்சியில் பச்சைப் பென்சிலால் ஒரு புள்ளி.